ஜன்னல் மேசைக்குப் பூஜ்யம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே என் உடம்பு சொன்னபடி கேட்கிறது. வேறு எதுவும் கேட்கவில்லை. அங்கே நீ நலமாக இருப்பாய், அத்தான் முழங்கால் பயிற்சியைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு செய்யாமல் இருப்பார் என்று நம்பி மேலே போகிறேன்.

உன் மகள் ஐந்து நாளாகப் போன் எடுக்கவில்லை என்று நீ அனுப்பிய பதினொரு செய்திகளும் வந்து சேர்ந்தன. அவளுக்கு ஒன்றும் இல்லை. தினமும் கண்ணால் பார்க்கிறேன். (என் கண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று முடிவுக்கு வந்துவிடுவாய், அதில் இரண்டாவது முடிவு எப்போதும் "பொண்ணைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்பதாக இருக்கும். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து படி. நான் எந்த வரிசையில் அதிர்ந்து போனேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். நீயும் அதே வரிசையில் அதிர்ந்தால் போதும், முன்கூட்டியே வேண்டாம்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், ஆனால் நீ யாரிடமும் அதைச் சரியாகச் சொன்னதில்லை, "காலேஜ்ல ஏதோ ஆபீஸ்ல இருக்கா" என்பாய், அதனால் எழுதியே வைக்கிறேன். நான் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். பரீட்சை நாளில் யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்று சீட்டிங் பிளான் போடுவது நான்தான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பாடம் எழுதுகிற இரண்டு பேர் என் பிளானில் அடுத்தடுத்து உட்கார்ந்ததில்லை, இரண்டு சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் இருந்ததில்லை. இந்தப் பெருமைதான் இத்தனைக்கும் காரணம். போன மாதம் எங்கள் கல்லூரியை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் போகும்போது, இங்கே பல இனத்து மாணவர்கள் படிக்கிறார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் கலந்து பழகுவதாகத் தெரியவில்லை, இரண்டு மாதத்தில் திரும்ப வந்து பார்ப்போம் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். துணை முதல்வர் என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இவங்க இருந்தது ரெண்டு மணி நேரம், மேடம். அதுல ஒண்ணரை மணி நேரம் சாப்பாடு. கேண்டீன்ல பாத்ததை வச்சு எழுதிட்டாங்க. இவன் இவனோட உக்காந்திருக்கான், அவன் அவனோட உக்காந்திருக்கான்னு."

"அதுக்கு நான் என்ன சார் செய்யணும்?"

"யாரு பக்கத்துல யாரு உக்காரக் கூடாதுன்னு இத்தனை வருஷமா பிளான் போடறீங்களே, அதையே அப்படியே திருப்பிப் போட்டா?"

முதலில் அளக்க வேண்டும், அப்புறம்தான் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். படித்த புத்தி. உடனே அவர் ஒரு படிவம் தயார் பண்ணிக் கொடுத்தார். மேசைக்கு ஒரு வரி. அ, ஆ, இ, ஈ என்று நான்கு கட்டம், கடைசியில் 'பிற' என்று ஒரு கட்டம். எது எது என்று கேட்டால் கதவைச் சாத்திவிட்டு வந்து சொல்கிறார். அ என்றால் கறுப்பினத்துப் பிள்ளைகள், ஆ என்றால் வெள்ளைக்காரப் பிள்ளைகள், இ என்றால் "கிழக்குப் பக்கத்து முகம், மேடம்", ஈ என்றால் "நம்ம மாதிரி". எவ்வளவுக்கு எவ்வளவு எழுத்து கலந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மேசைக்கு மதிப்பெண், பத்துக்கு.

"யாரு எந்த எழுத்துன்னு பசங்களையே கேட்டுடலாமா சார்?"

"ஐயையோ, கேக்கவே கூடாது. மனசு புண்படும்."

"கேக்காம எப்படி சார் தெரியும்?"

"என்ன மேடம் இது. பாத்தாலே தெரியுமே."

அக்கா, நான் லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவேன் என்று நீயே கேலி செய்வாய். அளவுகோலில் பிழை இருந்தால் அளந்ததெல்லாம் பிழை என்று ஒரு காலத்தில் பதினைந்து பக்கம் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டேன். ஏனென்றால், பார்த்தாலே தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பத்து நாள் மத்தியானம் கேண்டீனில் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கையில் அட்டை, அட்டையில் படிவம். கேண்டீன்காரருக்கு நான் எதை எண்ணுகிறேன் என்று புரியவில்லை. முதல் நாள் வந்து, "எண்ணெயைப் பத்தி யாராவது புகார் குடுத்துட்டாங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன். இரண்டாம் நாள் எனக்குத் தனியாக ஒரு கோப்பையில், பல்கலைக்கழகத்துப் பட்டமளிப்பு விழாவில்கூட நான் குடித்திராத தரத்தில் டீ வந்தது. மூன்றாம் நாள் தட்டெல்லாம் பளபளவென்று இருந்தது. அவர் வரைக்கும் இந்த ஆராய்ச்சியால் நன்மைதான். எனக்கு நாலாம் நாளே முதல் அடி விழுந்தது. அடுப்பை ஒட்டிய மேசையில் தினமும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் தலையோடு தலை முட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். பையனுக்கு அ, பெண்ணுக்கு ஆ என்று எழுதி, இருவர் மட்டுமே என்றாலும் இவ்வளவு நெருக்கமா என்று நெகிழ்ந்து எட்டு மதிப்பெண் போட்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பெண் அவன் தட்டிலிருந்து எதையோ எடுத்தாள். அவன், "அம்மாகிட்ட சொல்றேன் பாரு" என்று கத்தினான். அவளும், "சொல்லு, எனக்கும்தான் அம்மா" என்றாள். கூடப்பிறந்தவர்கள். அப்பா ஒரு நிறம், அம்மா ஒரு நிறம், பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்குச் சமூக நல்லிணக்கத்துக்காக எட்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். பேனாவை மூடிவைத்தேன். அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். போகாமல் அடித்து 'பிற' என்று எழுதிவிட்டுத் தொடர்ந்தேன்.

கடைசியில் இரண்டு மேசைகள் தனியாகத் தெரிந்தன. ஒன்று தூணை ஒட்டிய மேசை. நாலு பையன்கள், அ ஒன்று, ஆ ஒன்று, இ ஒன்று, ஈ ஒன்று. தினமும் அதே நாலு பேர், ஒரே சிரிப்பு, ஒருவன் முதுகில் ஒருவன் தட்டல். பத்துக்குப் பத்து. துணை முதல்வர் நேரே வந்து அவர்களைப் படம் பிடித்து, கதவளவுக்குப் பெரிதாக்கி வாசலில் மாட்டிவிட்டார். இன்னொன்று ஜன்னல் மேசை. ஆறு பெண்கள். ஆறும் ஈ. ஒரே கறுப்புத் தலைமுடி, ஒரே பழுப்பு நிறம், நெருங்கி உட்கார்ந்து அவர்களுக்குள்ளேயே கசமுசா. பத்து நாளும் வேறு ஒரு எழுத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பூஜ்யம். அந்த ஆறில் ஒருத்தி உன் மகள்.

எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? நீ அவளைக் கொண்டுவந்து விட்டபோது ஆட்டோவில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, "நம்ம பிள்ளைங்களோடவே இருந்துக்கோடி, கண்டதுகளோட சேராதே" என்று சொன்னாயே, அதை வேதமாக எடுத்துக்கொண்டாளே, இவ்வளவு பெரிய கல்லூரியில் தன்னைப் போலவே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாளே என்று மனசுக்குள் உன்னையும் சேர்த்துத் திட்டினேன். என் அக்கா மகள் என்பதற்காகப் பூஜ்யத்தை ஒன்றாக்கவில்லை. நேர்மை. அறிக்கையில் ஜன்னல் மேசையைப் பெயர் குறிப்பிட்டு, "உடனடியாகப் பிரிக்கத்தக்கது" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

போன திங்கட்கிழமை பிளான் அமலுக்கு வந்தது. எனக்குத் தெரிந்த பிளான் ஒன்றுதானே. ஆளுக்கு ஒரு எண் அட்டை, கேண்டீன் கதவில் பட்டியல், மேசையில் எண் ஒட்டியாகிவிட்டது. நானூறு பிள்ளைகள் பட்டியலில் விரலை ஓட்டி எண்ணைத் தேடி, வரிசையாக உள்ளே போய், அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒரு சத்தம் இல்லை. ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம்கூட அடக்கமாகத்தான். பழக்கதோஷம், அக்கா, எண் ஒட்டின மேசையைப் பார்த்தாலே அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு பையன் எழுந்து நின்று கையைத் தூக்கினான். கேண்டீன்காரர் ஓடினார். அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமாம். கூடுதல் தாள் கேட்கிற மாதிரியே கேட்கிறான். இன்னொருத்தி இடது கையால் தட்டை மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள், பக்கத்துப் பெண் பார்த்துவிடக் கூடாதாம். கேண்டீன்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார், யாரும் சொல்லித்தரவில்லை. முதல் அரை மணி நேரம் முடிவதற்குள் வெளியே போகலாமா என்று ஒருவன் என்னிடம் ரகசியமாக வந்து கேட்டான். துணை முதல்வர் வாசலில் நின்று கண் கலங்கினார். "பாருங்க மேடம், எப்படிக் கலந்து உக்காந்திருக்காங்க! என்ன ஒழுங்கு!" தூண் மேசையை மட்டும் நாங்கள் தொடவில்லை. அதுதானே முன்மாதிரி மேசை.

புதன்கிழமை மத்தியானம் உன் மகள் என் அறைக்கு வந்தாள். இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் நடைபாதையில் மறுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தவள், நேரே வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சித்தி, எங்க மேசையைப் பிரிச்சது நீங்கதானா?"

"கல்லூரி எடுத்த முடிவும்மா அது. எல்லாரோடயும் கலந்து பழகணும். ஒரே மாதிரி ஆளுங்களோடவே எத்தனை நாள் உக்காந்திருப்பே?"

"ஒரே மாதிரி ஆளுங்களா?" என்றாள். சிரிக்கிறாளா அழப்போகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நாங்க ஆறு பேரும் ஒரே மாதிரின்னு யாரு சொன்னா?"

படிவம் மேசையில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். ஈ, ஈ, ஈ, ஈ, ஈ, ஈ.

"சித்தி, அந்த ஆறு பேர்ல தமிழ் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். ஒருத்தி எங்கேயோ கடலுக்கு நடுவுல ஒரு தீவுலேர்ந்து வந்திருக்கா, வீட்ல பேசறது பிரெஞ்சு. ஒருத்தியை ஒன்பது மாசக் குழந்தையா இருக்கும்போதே வெள்ளைக்காரத் தம்பதி எடுத்து வளர்த்தாங்க, நீ யாருன்னு கேட்டா அவங்க பேரைத்தான் சொல்லுவா. ஒருத்தியோட அம்மா கறுப்பினம். ஒருத்தி மலைக்காரி, அவ பாஷைக்கு எழுத்தே கிடையாதாம். இன்னொருத்தி பாலைவனத்து ஊர்ல பிறந்து வளர்ந்தவ, மழையையே இங்க வந்துதான் ஒழுங்கா பாத்தா. ஒருத்தி சாப்பிடறது இன்னொருத்திக்கு ஆகாது. இந்தக் காலேஜ்லயே எங்க மேசை மாதிரி கலந்த மேசை கிடையாது. நீங்க அதுக்குப் பூஜ்யம் போட்டிருக்கீங்க."

அதற்கு நான் கேட்டது ஒரு முட்டாள் கேள்வி: "அப்புறம் எப்படி நீங்க ஆறு பேரும் ஒண்ணா சேர்ந்தீங்க?"

"நீங்கதான் சேர்த்து வச்சீங்க."

அதுதான் அக்கா பெரிய அதிர்ச்சி. போன செமஸ்டரில் வகுப்பாசிரியர் உன் மகள் வந்திருந்தும் வரவில்லை என்று போட்டு, வராத தீவுப் பெண் வந்ததாகப் போட்டிருக்கிறார். மலைக்காரிக்கு வந்த பார்சலை விடுதிக் காவலாளி பாலைவனத்துப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். ஒருத்தி தாமதமாக வந்ததற்கு இன்னொருத்தி திட்டு வாங்கியிருக்கிறாள். ஹால் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் (என் ஜன்னல்தான்) உன் மகளின் ஹால் டிக்கெட்டை வேறு ஒருத்திக்கு நீட்டியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் தனக்கு வந்ததை எடுத்துக்கொண்டு உரியவளைத் தேடிப் போய்க் கொடுத்துக் கொடுத்து, ஆறு பேரும் ஒருவருக்கொருவர் அறிமுகமாகிவிட்டார்கள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேசையில் கூடினால் அன்றைக்கு மாறிப்போனதை எல்லாம் பரிமாறிக்கொள்ள வசதி என்று ஜன்னல் மேசையைப் பிடித்திருக்கிறார்கள். கசமுசா என்று நான் எழுதியது அதைத்தான்.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்றாள். "அன்னைக்கு லைப்ரரி படிக்கட்டுல வச்சு நீங்க திட்டினது என்னை இல்ல."

திட்டினேன்தான். "மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு, காலையில என்ன சாப்பிட்டே, பிஸ்கட்டா, உங்கம்மா கேட்டா நான் என்னடி பதில் சொல்றது" என்று நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம். மறுவார்த்தை பேசாமல் தலையாட்டிக் கேட்டாளே, என்ன அடக்கம் என்று உனக்குச் செய்திகூட அனுப்பினேனே. அது தீவுப் பெண். அவளுக்கு 'பிஸ்கட்' தவிர ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் மேசைக்கு வந்து, "ஒரு அம்மா என்னை நிறுத்தி நான் சாப்பிட்டேனா என்று ரொம்ப நேரம் விசாரித்தார்கள், வீட்டை விட்டு வந்ததிலிருந்து யாருமே கேட்டதில்லை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பிறகு அழுதாளாம்.

உன்னிடம் நான் மறைத்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். போன செமஸ்டர் நடுவில் உன் மகள் எங்கள் அலுவலகத்தில் பச்சை நிறத்தில் ஒரு படிவம் வாங்கிக்கொண்டு போனாள். கல்லூரியை விட்டு விலகுகிறவர்கள் நிரப்புகிற படிவம். அப்போது அவளுக்கு இங்கே ஒரு நாய்கூடத் தெரியாது. அறையிலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கேட்டதற்கு, "சும்மா பாக்கத்தான் சித்தி" என்றாள். நிரப்பித் தரவில்லை. நானும் உன்னிடம், "நல்லா செட் ஆயிட்டா" என்று சொல்லிவிட்டேன். அவள் ஏன் அதைத் தரவில்லை என்று புதன்கிழமைதான் தெரிந்தது. "அந்த மேசை மட்டும் கிடைக்கலேன்னா நான் எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பேன் சித்தி" என்றாள். சொல்லிவிட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பச்சைக் காகிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். "இதுல கையெழுத்துப் போடுங்க. நாள் இல்ல. வேற எதுவும் உங்ககிட்ட கேக்கல." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தக் காகிதத்தை நான் பிரிக்கவில்லை. எங்கள் பிரிவில் பிரிக்காத காகிதம் வந்து சேராத காகிதம். முத்திரை போட்டால்தான் அது நகரும். இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன்.

போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பத்துக்குப் பத்து மேசையில போய் ஒரு நாள் உக்காந்து பாருங்க" என்றும் சொன்னாள். வியாழக்கிழமை போனேன். தூண் மேசையில் ஐந்தாவதாக ஒரு நாற்காலி இருந்தது, அதில் ஒரு பை. நான் அந்த நான்கு இனத்து இளைஞர்களுக்கும் புரியட்டும் என்று மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில், இங்கே உட்காரலாமா என்று கேட்டேன். போஸ்டரில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறானே கறுப்பினப் பையன், அவன் நிமிர்ந்து பார்த்து, "இங்க ஆள் இருக்கு மேடம்" என்றான். தமிழில்!

"பைதானே இருக்கு?"

"எப்பவும் பைக்குத்தான் மேடம் அந்தச் சேர்" என்றான் வெள்ளைக்காரப் பையன். "எல்.கே.ஜி.லேர்ந்து அப்படித்தான்."

நாலு பேரும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரே தளத்தில், எதிரும் புதிருமாகக் கதவு உள்ள நாலு வீட்டுப் பிள்ளைகள். பெற்றவர்கள் வேலைக்குப் போய்விட, அந்தத் தளத்தில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம்தான் நாலையும் பகலெல்லாம் பார்த்துக்கொண்டது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், ஒரே டியூஷன். கல்லூரிக்கு வந்து இரண்டு வருஷத்தில் வேறு யாரோடாவது பேசியிருக்கிறீர்களா என்று கேட்டேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதுக்கு மேடம்?" என்றான் ஒருவன். திமிரில்லை, நிஜமாகவே சந்தேகம். கிழக்கு முகப் பையன், "போன வருஷம் ஒருத்தன் வந்து உக்காந்தான், கலாய்ச்சே கெளப்பிட்டோம்" என்று பெருமையாகச் சொன்னான். இவர்கள் படம்தான் கதவளவுக்கு வாசலில் தொங்குகிறது.

என் அறைக்குப் போனேன், உட்காரவில்லை. பரீட்சை மணி என் பொறுப்பில்தான் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்கே திரும்பி வந்து நடுவில் நின்று அடித்தேன். "நேரம் முடிந்தது. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு" என்று ஆரம்பித்து, தவறு உறைத்து, "சாப்பிடுங்கள், எண் அட்டையை மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்றேன். வரிசையாகப் போய் வாங்கினேன். கேண்டீன்காரர் பின்னாலேயே கட்டுக் கட்டி நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தார். அட்டையைக் கொடுத்ததும் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய வேகத்தைப் பார்க்க வேண்டும். அநேகமாக எல்லோரும் பழைய இடத்துக்குத்தான் போனார்கள். நான் நினைத்ததற்கு மாறாக ஏழெட்டுப் பேர் அசையவில்லை. தட்டை மறைத்துக்கொண்டு சாப்பிட்டாளே அந்தப் பெண், பக்கத்துப் பெண்ணுக்குத் தன் தட்டிலிருந்தே எதையோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது என் பிளானால் நடந்ததா, பிளானையும் மீறி நடந்ததா என்று நான் ஆராயப் போவதில்லை. அளப்பதை நிறுத்திவிட்டேன்.

துணை முதல்வர் ஓடி வந்தார். "மேடம், அந்தக் குழுக்காரங்க திரும்ப வரப்போறாங்க! நான் என்னத்தைக் காட்டறது?"

"ஒண்ணும் காட்ட வேண்டாம் சார். பாத்தாலே தெரியும்" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் மேலதிகாரியிடம் நான் சொன்ன முதல் எதிர்வார்த்தை அது. அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் போஸ்டரைக் கழற்ற முடியாதாம், ஆணி ஆழமாக இறங்கிவிட்டதாம்.

ஜன்னல் மேசை திரும்பக் கூடிவிட்டது. ஆனால் அந்தப் பச்சைக் காகிதம் என் இழுப்பறையில்தான் இருக்கிறது, அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை, உன் போனையும் எடுக்கவில்லை. அதனால் அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவள் போன் எடுத்தால், சாப்பிட்டாயா என்று கேள், மழை பெய்கிறதா என்று கேள், "வந்துடு" என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ சொன்னால் வந்துவிடுவாள், அப்படி வளர்த்திருக்கிறாய். இன்னும் ஒரு வாரம் பொறு. அதற்குள் எப்படியாவது அவள் மனசை மாற்றி அந்தக் காகிதத்தை அவள் கையாலேயே கிழிக்க வைக்கிறேன். இங்கே யாரும் வர வேண்டாம். நீ கிளம்பி வந்தால் நான் தோற்றேன் என்று அர்த்தம். தப்பு என்னுடையது. வெளியூரில் படிக்க வைப்போம் என்று உன்னிடம் அடம் பிடித்ததும் நான், அவளுக்கு இருந்த ஒரே இடத்தைப் பிடுங்கியதும் நான்.

அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலுக்கும் சேர்த்து. உன் வீட்டில் யாரும் வாடாமல், யாரும் யாரையும் அளக்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உன் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதியை மறந்துவிடு. எந்தப் பாதி என்று சொல்கிறேன். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கதவருகே உன் மகள் வந்து நின்றாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்புதான்டி, என்னை மன்னிச்சுடு, விட்டுட்டுப் போயிடாதேடி என்று அழுதே விட்டேன். அடக்கமாகத் தலையாட்டிக் கேட்டாள். அந்தத் தலையாட்டலை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், தீவுப் பெண். "நான் அவள் இல்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா, இன்றைக்குக் கடைசி நாள் என்று கேட்டாள். இழுப்பறையைத் திறந்து பச்சைக் காகிதத்தைப் பிரித்தேன். விலகல் படிவம் இல்லை. விடுதியில் விடுமுறைக்கும் தங்க வேண்டுமானால் உள்ளூரில் ஒரு காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் படிவம். அவளுக்கு இந்த ஊரில் யாரும் இல்லை, அதனால் லைப்ரரி படிக்கட்டில் தன்னைத் திட்டிய அம்மாவைக் கேட்டுப் பார்க்கச் சொல்லி உன் மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். எல்லாப் படிவத்தையும் ஒரே பச்சையில் அடித்தால் போதும், பார்த்தாலே தெரியும் என்று மூன்று வருஷத்துக்கு முன் உத்தரவு போட்டவள் நான். கையெழுத்துப் போட்டு, விடுதி அலுவலகத்துக்கு நானே ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். உறவு என்ற இடத்தில் தந்தை, தாய், பிற என்று மூன்று கட்டம் இருந்தது. 'பிற' என்பதில் டிக் அடித்தேன். அந்தக் கட்டத்தை இவ்வளவு சந்தோஷமாக நான் இதுவரை பயன்படுத்தியதில்லை. உன் மகள் போன் எடுக்காததற்குக் காரணமும் கோபம் இல்லையாம், திங்கட்கிழமை எண் தேடுகிற நெரிசலில் போன் தண்ணீர் டாங்கிக்குள் விழுந்துவிட்டதாம், கோபம் என்மேல்தான், அதனால் என்னிடம் சொல்லவில்லை என்று தீவுப் பெண் சொன்னாள். அதனால் "வந்துடு" என்று தாராளமாகச் சொல், அவள் வரமாட்டாள். நீயே கிளம்பி வா. ஆறு பேருக்குச் சேர்த்து ஏதாவது செய்து கொண்டு வா. வந்ததும் ஜன்னல் மேசைக்குப் போ, ஆனால் யாரையும் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் தயவுசெய்து பெயரைக் கேட்டுவிடு. பெற்ற தாய், பார்த்தாலே தெரியும் என்று நினைக்காதே.